கடைசல் பழக எந்த மரம்: கடைக் கட்டையா, விறகா, வெட்டிப்போட்ட மரமா?

மரக்கட்டையைச் சுழற்றிக் கடையும் லேத்தைப் புதிதாக வாங்கியவர்கள் அதோடு சேர்த்து வாங்கும் முதல் மரம் பெரும்பாலும் வட்டமாக அறுத்து, மெழுகு பூசி, பெயர்ச்சீட்டு ஒட்டி வரும் கிண்ணக் கட்டைதான். மரத்தை ஆக அதிக விலைக்கு வாங்கும் வழி அது. உளி பிடித்துப் பழகும் கைக்குத் தேவை வேறு: நேராக ஓடும் நார், வெடிப்பில்லாத உடல், நாலு கட்டை பாழானாலும் ஐந்தாவதை எடுத்து மாட்டத் தயங்காத அளவுக்குக் கையிருப்பு. இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்தே மரம் கிடைக்கும் இடங்களை இங்கே மதிப்பிடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பழகுவதற்குப் பிளந்த விறகும் புதிதாக வெட்டிய கிளைகளும் முதலிடம். முதல் கிண்ணத்துக்கு, அன்றன்று வெட்டிய மரத்தின் அடித்துண்டு. கடையில் தயாராக விற்கும் கட்டை, குறிப்பிட்ட அளவில் உலர்ந்த மரம் இருந்தே ஆக வேண்டிய வேலைக்கு மட்டும்.

மரம் தேடப் போகுமுன் இரண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: லேத்தின் அளவு, கையில் இருக்கும் ரம்பம். 10 அங்குல லேத் என்றால் அச்சுக்கும் பெட்டுக்கும் (லேத்தின் அடித்தளம்) இடையே 5 அங்குலம் இருக்கிறது என்று பொருள். உளியைச் சாய்த்து வைக்கும் டூல் ரெஸ்ட்டைத் தாங்கும் அடிப்பாகம் கட்டைக்குக் கீழே நுழைய வேண்டும் என்பதால், நடைமுறையில் 8 அங்குல விட்டமே தொல்லையில்லாத அளவு. 10 அங்குலக் கட்டை வாங்கினால் ஓரத்தைச் சீவி எறியத்தான் செய்வீர்கள். ரம்பம் இன்னும் முக்கியம். பேண்ட் சா, செயின் சா இரண்டும் இல்லாதவரிடம் ஒரு முழு உருட்டுக்கட்டை வந்து சேர்ந்தால், அது வெடித்து வீணாகும்வரை மூலையில்தான் கிடக்கும். கைக்கோடரியும் கைரம்பமும் மட்டும் இருந்தால் பிளந்த விறகை வைத்து நீளவேலை முழுவதையும் பழகலாம். உளிக் கைப்பிடி, மேசைக்கால், பம்பரம், மத்து, மெழுகுவர்த்தித் தாங்கி எல்லாம் நீளவேலை. அதில் மரத்தின் நார் லேத்தின் அச்சோடு ஒத்து ஓடும். கிண்ணவேலையில் நார் அச்சுக்குக் குறுக்கே கிடக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை வெட்டுமுகத்தை, அதாவது நாரின் முனைகள் தெரியும் குறுக்கு முகத்தை, சந்திக்கிறது; புதியவர்களின் உளி சிக்கி இழுபடுவதும் கட்டை பிடுங்கி எறியப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே முதல் சில வாரங்களுக்கு 2 அங்குலத் தடிமனும் 10 முதல் 12 அங்குல நீளமும் உள்ள நேர்நார்க் கட்டைகள் போதும். அவற்றுக்குக் கடையே தேவையில்லை.

கடையில் தயாராகக் கிடைக்கும் கட்டை

அளவு சரியாக இருக்கும், மரத்தின் பெயர் தெரியும், அறுக்கும் வேலை மிச்சம். இந்த மூன்று வசதிக்குத்தான் பணம். பேனாக் கட்டை பொதுவாக முக்கால் அங்குலச் சதுரம், 5 அங்குல நீளம். இவ்வளவு சிறிய துண்டு முழுமையாக உலர்ந்துவிடும் என்பதால் பேனா செய்பவருக்குக் கடைக் கட்டை நியாயமான தேர்வே. புகார் எல்லாம் கிண்ணக் கட்டைமேல்தான்.

மெழுகு பூசியிருந்தால் மரம் உலர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். உள்ளே இருக்கும் ஈரம் வேகமாக வெளியேறி மரம் வெடிக்காமல் இருக்கத்தான் மெழுகு. ஆறு பக்கமும் மெழுகில் முக்கி எடுத்த 3 அங்குலக் கட்டை, அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் நடுவில் பச்சையாகவே இருக்கக்கூடும். அதை ஒரே மூச்சில் கடைந்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசி வைத்தால் சில நாளில் கிண்ணம் முட்டை வடிவத்துக்குப் போகும். சுவர் தடித்திருந்தால் வெடிக்கும். குற்றம் கடைசல்காரருடையது அல்ல, ஈரத்தைச் சொல்லாமல் விற்ற சீட்டுடையது. "ஈரம், மெழுகிட்டது" என்று வெளிப்படையாக எழுதும் விற்பனையாளர்களை நம்பி வாங்கலாம். "சீசன் செய்தது" என்று மட்டும் எழுதி ஈரப்பதச் சதவீதத்தைக் குறிப்பிடாதவர்களிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

கேட்க வழியில்லையென்றால் தராசு பதில் சொல்லும். 6 × 6 × 3 அங்குலக் கட்டையின் கன அளவு 108 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1,770 கன சென்டிமீட்டர். நடுத்தர எடையுள்ள மரம் உலர்ந்த நிலையில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.6 முதல் 0.7 கிராம் இருக்கும். ஆகவே கட்டை 1.1 முதல் 1.25 கிலோ இருக்க வேண்டும். 1.6, 1.7 கிலோ காட்டினால் அதில் பாதி லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கருங்காலி போன்ற மிகக் கனமான மரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை உலர்ந்த பிறகும் தண்ணீரின் எடையை நெருங்கும். ஊசி வைத்த ஈரமானியை மெழுகுமேல் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. அது மேல்தோலை மட்டுமே அளக்கும், 30 சதவீதத்துக்கு மேலே அதன் எண்ணை நம்பவும் முடியாது.

அடுத்தது வெட்டுமுகம். ஆண்டு வளையங்களின் மையப்புள்ளி கட்டைக்குள் தெரிந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். மரம் உலரும்போது வளையங்களின் போக்கில் சராசரியாக 8 சதவீதம் சுருங்குகிறது. மையத்திலிருந்து வெளிநோக்கி 4 சதவீதம்தான். நீளவாக்கில் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒன்றோ இரண்டோ. சுற்றளவு ஆரத்தைவிட இரு மடங்கு சுருங்கப் பார்க்கும்போது, நடுமையத்தைச் சுற்றி முழு வட்டமாக இருக்கும் மரம் எங்காவது பிளந்துதான் தீரும். மையத்தை நீக்கி அறுத்த கட்டைக்கு வளைந்து கொடுக்க இடம் உண்டு. கிண்ணக் கட்டையில் மையத்தை விட்டு வைப்பது விற்பவரின் சோம்பல். அதற்குத் தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

மயிரிழை வெடிப்புகள் மெழுகுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வெட்டுமுகத்தில் ஓர் இடத்தில் மெழுகைச் சுரண்டிவிட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். மேற்பரப்பு நொடிகளில் உலர்ந்துவிடும், வெடிப்புக்குள் இறங்கிய ஸ்பிரிட் மட்டும் கருங்கோடாகச் சற்று நேரம் நிற்கும். கடையில் இதைச் செய்ய முடியாவிட்டால், தபாலில் வந்தவுடன் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு கண்டுபிடிக்கும் வெடிப்பால் யாருக்கும் பயனில்லை.

இணையத்தில் விற்கும் "கலவைப் பெட்டி" பற்றி ஒரு சொல். பல இனத் துண்டுகள் ஒரே பெட்டியில், எடைக்கு விலை. ஈரமரத்தை எடைக்கு வாங்குவது தண்ணீருக்கு விலை கொடுப்பது. பெயரும் இருக்காது; எந்த மரம் தூசியில் அரிப்பைத் தரும், எது எண்ணெய்ப்பசையால் பசையை ஏற்காது என்று தெரியாமல் வேலை செய்ய நேரும். பேனா, சாவிக்கொத்து அளவிலான உலர்ந்த துண்டுகள் என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். ரெசின் ஏற்றிக் கடினமாக்கிய கட்டைகள் தரத்தில் நல்லவைதான். சுருங்காது, மென்மையான உளுத்த மரமும் கல்போல நிற்கும். ஆனால் உளியின் முனையை வேகமாகத் தின்னும், சீவல் சுருளாக வராமல் பொடியாக உதிரும். உளியின் சாய்வையும் சீவலின் வடிவத்தையும் பார்த்துக் கற்கும் கட்டத்தில் அது எதையும் கற்றுத்தராது.

விறகு

பழகுபவருக்கு இதைவிடச் சிறந்த கிடைப்பிடம் கிடையாது. காரணம் விலை மட்டும் அல்ல. விறகு கோடரியால் பிளந்தது. ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், கோடரியின் பிளவு நார் ஓடும் வழியிலேயே ஓடும். அதனால் பிளந்த விறகில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முறியாமல் வருகிறது. உளிக் கைப்பிடிக்கும் சுத்தியல் பிடிக்கும் இதைவிட உறுதியான மரம் அறுத்த சதுரக்கட்டையில் கிடைப்பது அரிது. விறகுக் கட்டிலிருந்து எதை எடுப்பது என்பதற்கும் பிளவே வழிகாட்டி: பிளந்த முகம் பலகைபோல நேராக இருந்தால் எடுங்கள், திருகியிருந்தால் அடுப்புக்கு விடுங்கள். கணு இல்லாத, பட்டை ஒட்டியிருக்கும், 4 அங்குலத்துக்குக் குறையாத முகமுள்ள துண்டுகளாகப் பொறுக்குங்கள்.

முனை வெடிப்பு எல்லா விறகிலும் இருக்கும். வெட்டுமுகம் மற்றப் பக்கங்களைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக ஈரத்தை இழப்பதால் முனை முதலில் சுருங்குகிறது, உள்ளே இன்னும் சுருங்காத மரம் அதை இழுத்துப் பிடிக்க, முனை கிழிகிறது. எவ்வளவு தூரம் கிழிந்திருக்கிறது என்று அறிய முனையில் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளுங்கள். பிறகு கால் அங்குல வில்லை ஒன்றை அறுத்து இரண்டு கையாலும் வளையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் வில்லை அந்தக் கோட்டில் பட்டென்று விட்டுப்போகும். வில்லை தாங்கி நிற்கும்வரை அறுத்துக்கொண்டே போக வேண்டும். 16 அங்குல விறகில் இரு முனையும் போக 11, 12 அங்குலம் நல்ல மரம் கிடைத்தால் அது வெற்றி. 12 அங்குல விறகில் 7 அங்குலம்தான் மிஞ்சும். கைப்பிடிக்குப் போதாது, பம்பரத்துக்கும் சிமிழுக்கும் ஆகும்.

அரைகுறையாக உலர்ந்த விறகே நடைமுறையில் அதிகம். பயிற்சிக்கு அது தடையில்லை. மூடி பொருந்த வேண்டிய சிமிழுக்கு அது ஆகாது. இன்று இறுக்கமாகப் பொருந்தும் மூடி அடுத்த மாதம் உள்ளே போகாது. கட்டை நாலு மூலையோடு இருந்தால் கோடரியால் மூலைகளைச் செதுக்கி எட்டுப்பட்டையாக்கிவிட்டு மாட்டுங்கள். உளிக்கு விழும் அடி பாதியாகக் குறையும்.

விறகோடு வீட்டுக்கு வரக்கூடாத ஒன்று உண்டு: துளைவண்டு. குண்டூசித் தலையளவு துளைகளும், தட்டினால் உதிரும் மாவுபோன்ற புதுப்பொடியும் தெரிந்தால் அந்தத் துண்டு உள்ளே வரக்கூடாது. பழைய துளை, பொடி இல்லை என்றால் பெரும்பாலும் வண்டு போய்விட்டது. பட்டைக்கு அடியில்தான் பல பூச்சிகள் குடியிருக்கும் என்பதால் வாங்கியவுடன் பட்டையை உரித்துவிடுவது நல்லது. தொலைதூரத்து விறகை வண்டியேற்றிக் கொண்டுவருவதும் கூடாது. ஓரிடத்துப் பூச்சி இன்னோரிடத்து மரங்களுக்குப் பரவும் முக்கிய வழிகளில் அது ஒன்று.

வெட்டிய மரம்

காற்றில் விழுந்த மரம், கிளை கழிக்கும் ஆட்கள் வெட்டிப்போடும் மரம், தோட்டத்தில் பட்டுப்போன மரம். முதல் கிண்ணத்துக்கு இதுதான் சரியான மூலம். பச்சை மரம் வெண்ணெய்போலச் சீவப்படும், சீவல் நீண்ட சுருளாக வரும், தூசியே இராது. உளி எங்கே உரசுகிறது, எங்கே வெட்டுகிறது என்பதைக் கை உடனே உணரும். விலையும் அநேகமாக இல்லை. வெட்டுபவர்களுக்கு அதை ஏற்றிச் செல்வதே செலவு. ஆனால் இங்கே நேரம்தான் எல்லாம். வெட்டிய அன்றே போய் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள் வெறுமனே கிடந்த முனையில் ஆரமாக வெடிப்பு ஓடத் தொடங்கியிருக்கும்.

அளவு கேட்டு வெட்டச் சொல்லலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். 8 அங்குலக் கிண்ணத்துக்கு, முனைவெடிப்புக்கு இருபுறமும் 2 அங்குலம் சேர்த்து, 12 அங்குல நீளம் ஆகக் குறைந்தது. தூக்க முடிந்த அளவு நீளமாகவே எடுத்துவந்து, வேண்டும்போது துண்டாக்குவது இன்னும் நல்லது; நீளமான மரத்தில் இழப்பு முனைகளில் மட்டும்தான். உருட்டையாக விட்டுவைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும், முடிந்தால் வெட்டிய இடத்திலேயே, நடுமையத்தின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பாதியிலும் மையத்தை ஒட்டி அரை அங்குலம் சீவித் தள்ளினால் மேலே சொன்ன சுருக்கக் கணக்கின் ஆபத்து பெரும்பாலும் நீங்கும். செயின் சா இல்லையென்றால் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் போதும். நேர்நார் மரம் ஆப்புக்கு எளிதில் வழிவிடும்; வழிவிடாத மரத்தின் நார் பின்னிக் கிடக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பேண்ட் சா உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உருண்டையான கட்டையைத் தாங்கல் இல்லாமல் மேசைமேல் வைத்துக் குறுக்கே அறுக்கக் கூடாது. பல் பிடித்ததும் கட்டை சுழலும், பிளேடு முறியும், கை உள்ளே இழுபடும். ஆங்கில வி வடிவத் தாங்கியில் இறுக்கியோ, ஒரு பக்கத்தைக் கோடரியால் தட்டையாக்கியோதான் அறுக்க வேண்டும்.

கிளையைவிட அடிமரம் மேல். கிடைமட்டமாக வளர்ந்த தடித்த கிளையின் முகத்தைப் பாருங்கள், மையம் நடுவில் இருக்காது. தன் எடையைத் தாங்க மரம் ஒரு பக்கம் அதிகமாக வளர்ந்திருக்கிறது. அகன்ற இலை மரங்களில் அது கிளையின் மேல்பக்கம், பைன் போன்ற ஊசியிலை மரங்களில் கீழ்ப்பக்கம். அந்த மரம் நீளவாக்கிலும் சுருங்கும், கோணிக்கொள்ளும், அகன்ற இலை மரமாக இருந்தால் எவ்வளவு கூர்மையான உளியிலும் பஞ்சுபோல நார் எழும். பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கவை பிரியும் இடத்தை மட்டும் விடாதீர்கள். இரண்டு கிளையின் நார் அங்கே ஒன்றோடொன்று மோதி இறகுபோன்ற வரி விழும். முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம், மெழுகிட்டு வைத்திருங்கள்.

தெருவோர மரத்திலும் வேலியோர மரத்திலும் ஆணி இருக்கும். துவர்ப்புச் சத்து (டானின்) மிகுந்த மரங்களில் இரும்பைச் சுற்றி நீலக்கருப்புக் கறை படர்ந்திருக்கும். கறையைக் கண்டால் நிறுத்திக் காந்தம் வைத்துப் பாருங்கள். பச்சை மரம் கடைந்த நாளில் லேத்தின் பெட்டைத் துடைத்து எண்ணெய் தடவாமல் போகாதீர்கள்; ஈரச் சீவல் ஓர் இரவு கிடந்தாலே துரு பிடிக்கும்.

மர டிப்போவும் அறுவை மில்லும்

கன அடிக் கணக்கு தெரிந்திருந்தால் போதும், ஏமாற மாட்டீர்கள். ஒரு கன அடி 1,728 கன அங்குலம். 2 × 2 × 12 அங்குலக் கட்டை ஒன்றுக்கு 48 கன அங்குலம், எனவே ஒரு கன அடியில் இப்படி 36. மேலே சொன்ன 6 × 6 × 3 அங்குலக் கிண்ணக் கட்டை என்றால் 16. ரம்பம் தின்னும் மரத்தைச் சேர்த்தால் நடைமுறையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போட்டுக் கடைக் கட்டையின் விலையோடு ஒப்பிட்டால், தயார்நிலைக்கு எவ்வளவு கூடுதல் கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

அங்குலப் பலகையும் ஒன்றரை அங்குலப் பலகையும் இங்கே நன்றாக உலர்ந்து கிடைக்கும். 3 அங்குலத்துக்கு மேல் கேட்டால், என்ன சொல்லி விற்றாலும், நடு ஈரமாக இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காற்றில் உலர ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அது தோராயம்தான், தடித்த மரத்துக்கு அதைவிடவும் நீளும். கட்டுமானத்துக்கு விற்கும் பைன் சட்டங்கள் மலிவு, ஆனால் வசந்தகால வளையம் மெத்தென்றும் கோடைகால வளையம் கடினமாகவும் மாறிமாறி வருவதால் உளி துள்ளும், வெட்டுமுகம் பிய்யும். மழுங்கிய உளியை உடனே காட்டிக்கொடுக்கும் மரம் என்ற வகையில் நாலைந்து கட்டை கடைந்து பார்க்கலாம். பச்சைச்சாயல் அடித்த, மருந்தேற்றிய சட்டங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் லேத்தில் ஏற்றாதீர்கள். அதிலிருக்கும் செம்பும், பழையவற்றில் ஆர்சனிக்கும் தூசியாக நுரையீரலுக்குள் போகும்.

மரச்சாமான் பட்டறையின் கழிவுத் துண்டுகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எல்லாம் நல்லதுதான். உலர்ந்த மரம், தெரிந்த இனம், குறைந்த விலை. தடிமன் போதாதபோது ஒட்டிக்கொள்ளலாம்: இரு முகமும் இழைத்துச் சமமாக, இடுக்கில் வெளிச்சம் தெரியாமல் பொருந்த வேண்டும், நார் ஒரே திசையில் ஓட வேண்டும், வெள்ளைப் பசை தடவிக் கிளாம்பில் இறுக்கி ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். உலர்ந்த துண்டையும் ஈரத் துண்டையும் ஒட்டினால் ஒட்டு நிற்காது. தேக்கின் எண்ணெய்ப்பசைக்கு, ஒட்டுமுன் முகத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். தேக்கில் மணற்சத்து உண்டு, சாதாரண உளி அதில் விரைவில் மழுங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகள் (பேலட்) வேண்டாம். பலகை அங்குலத்துக்கும் குறைவு, ஆணி அதிகம், மேலே என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. எடுத்தே ஆக வேண்டுமானால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடாதீர்கள். பழைய கட்டில்காலும் மேசைக்காலும் அருமையான உலர்மரம். ஆனால் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் வண்ணம் அடித்ததை விட்டுவிட்டு, எண்ணெய் மட்டும் கண்ட மரத்தை எடுங்கள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை கடைசலுக்கு ஆகாது. அடுக்குவாக்கில் பிளக்கும், தூசி கொடியது.

எந்த மரம்

நெருக்கமான, சீரான துளையுள்ள மரத்தில் தொடங்குங்கள். மேப்பிள், பீச், செர்ரி கிடைக்கும் இடத்தில் அவை. வெப்பாலை கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். வர்ணப் பொம்மை கடைபவர்கள் தலைமுறைகளாக அதைப் பயன்படுத்துவது அந்த மெல்லிய நாருக்காகத்தான். பூவரசு அழகும் அடக்கமும் உள்ள கிண்ணமரம். மாமரம் எளிதில் கிடைக்கும், பச்சையில் நன்றாகக் கடைபடும், ஆனால் தாமதித்தால் நீலப்பூஞ்சையும் வண்டும் வந்துவிடும். அதன் பால் சிலர் தோலில் கொப்புளம் எழுப்பும். வேம்பின் நார் பின்னிக்கிடப்பதால் ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை பிய்ந்தும் வரும். அதைக் கண்டு உங்கள் கைமேல் சந்தேகப்பட வேண்டாம். புளியும் கருவேலமும் உலர்ந்தால் இரும்பு, பச்சையாக இருக்கும்போது மட்டும் முயலலாம். ரப்பர் மரத்தை மருந்தேற்றி உலர்த்தியதாக மட்டும் வாங்குங்கள், பச்சையாக வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

அரளி, யூ இரண்டும் நச்சுமரங்கள். சேங்கொட்டையின் பால் தோலைப் புண்ணாக்கும். இவற்றின் பக்கமே போக வேண்டாம். மரத்தூசி பொதுவாகவே புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே உப்புத்தாள் போடும்போது முகமூடி எந்த மரத்துக்கும் கட்டாயம். ஈட்டி இனங்கள், கோகோபோலோ, ஆப்பிரிக்கக் கருமரம் எல்லாம் டால்பெர்ஜியா பேரினம். 2017 ஜனவரியிலிருந்து அந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. செம்மரமும் பட்டியலில் உண்டு. வெளிநாட்டிலிருந்து பேனாக் கட்டை வரவழைக்குமுன் விற்பவர் உரிய தாளைத் தருவாரா என்று கேளுங்கள், இல்லையேல் சுங்கத்தில் நிற்கும்.

வந்த மரத்தை வைத்திருப்பது

அறுத்த சில மணி நேரத்துக்குள் வெட்டுமுகங்களில் மெழுகு ஏற வேண்டும். மறுநாள் பூசுவது வெடிப்பின்மேல் பூசுவதாகும். மரமுனைகளுக்கென்றே விற்கும் மெழுகுக் குழம்பு சிறந்தது. அது இல்லையென்றால் பாரஃபின் மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிப் பூசலாம், நேரடித் தீயில் உருக்கக் கூடாது. மீந்துபோன பெயின்ட் இரண்டு கை தடித்துப் பூசினாலும் ஓரளவு தாங்கும். முனையிலிருந்து ஓர் அங்குலம் பக்கவாட்டிலும் பூசுங்கள். எல்லாப் பக்கமும் மெழுகிட்ட கடைக்கட்டையை உலர்த்த வேண்டுமானால் வெட்டுமுகங்களில் மெழுகை அப்படியே விட்டு, மற்ற பக்கங்களில் மட்டும் சுரண்டிவிடுங்கள்.

தரையில் படாமல், துண்டுக்குத் துண்டு குச்சி வைத்து, நிழலில், காற்று மென்மையாக வரும் இடத்தில் அடுக்குங்கள். கிண்ணத்துக்கான பச்சைக்கட்டையைச் சும்மா அடுக்கி வைப்பதைவிட, முரட்டு வடிவத்தில் கடைந்து வைப்பது மேல். சுவர்த் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 8 அங்குலக் கிண்ணத்துக்கு முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே. எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வேண்டும். அடி மட்டும் தடித்துக் கிடந்தால் அங்கேதான் வெடிக்கும். அதன் சொந்தச் சீவலோடு காகிதப் பையில் போட்டு மூடி வைத்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் கோணலாக உலர்ந்து வரும், அந்தக் கோணலை மீண்டும் கடைந்து எடுக்கத்தான் கூடுதல் தடிமன்.

ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் மரத்தின் பெயர், தேதி, எடை மூன்றையும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து அதன் கீழேயே குறித்துவருங்கள். முதல் வாரங்களில் எண் சரசரவென்று இறங்கும், பிறகு தயங்கும். தொடர்ந்து மூன்று வாரம் ஒரே எடை நின்றால் அந்த இடத்துக் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது, லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் மாட்டலாம்.